திறப்புச் சொல்

குடை முதன்முதலாக விரிந்த இரவில் மழை பெய்ததா இல்லையா என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. பெய்தது என்று யமுனா சொல்லியிருக்கிறாள். காலையில் வீதி நனைந்திருந்ததே, அது எப்படி என்று கேட்பாள். தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருக்கும் என்றார்கள் மற்றவர்கள். பெய்திருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. அதற்குப் பிறகு மலர்ச்சோலை லேஅவுட்டில் இருட்டில் நடந்த எதையும், காலையில் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்தக் கதையிலும் ஒன்றிரண்டு இடங்கள் முன்பின்னாக வந்திருக்கலாம். யமுனாவுக்கு நடந்தது மட்டும் நடந்ததுதான்.

கோயமுத்தூருக்கு வடக்கே இருநூறு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. பின்பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கிழக்கே விசைத்தறிக் கூடங்கள். மேற்கே புதிய வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள் பகலிரவு பாராமல் நிலத்தைக் குடைந்துகொண்டிருந்தன. யமுனா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அவள் கணவன் சிவராஜ் சொந்த லாரி ஓட்டினான். நாக்பூர், இந்தூர் என்று போனால் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். ஒரே மகள் மிருதுளா. அவளுக்கு வலிப்பு இருந்தது.

"மாத்திரை பாதிதான்மா. மீதிப் பாதி தூக்கம்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "தூக்கத்துல திடுக்குனு முழிக்க விடாதீங்க. ஒவ்வொரு தடவை அப்படி முழிக்கறப்பவும் மூளை ஒரு தீக்குச்சி கிழிக்குது. எப்பப் பத்தும்னு சொல்ல முடியாது."

அதன் பிறகு யமுனாவுக்குச் சத்தம் என்பது சத்தமாக இல்லை. மண்டபத்தில் வெடிக்கும் சரவெடியும், திருவிழா மைக்கும், யாரோ விடலை சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டும் பைக்கும் மகளின் மண்டைக்குள் கிழியும் தீக்குச்சிகளாகவே அவளுக்குத் தெரிந்தன. காவல் நிலையத்துக்கு எத்தனையோ முறை நடந்தாள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை அவர்களிடமே படித்துக் காட்டினாள். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர். "சட்டம் இருக்குது அம்மிணி, இல்லைங்கல. ஆனா அதுக்கு மைக் இல்லையே" என்றார்.

கடைசியில் வந்தது சட்டம் அல்ல, குடை. லேஅவுட் சங்கத்தை அதற்குச் சம்மதிக்க வைத்தது யமுனாதான். வீடு வீடாகப் போய்க் கும்பிடாத குறையாகக் கேட்டாள். விளக்குக் கம்பங்களில் தாம்பாளம் போன்ற வட்டத் தட்டுகளும், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அறைக்கொன்றாகச் சின்னப் பெட்டிகளும் பொருத்தினார்கள். கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர் பர்வீன், சங்கக் கூட்டத்தில் இரண்டு கைகளையும் எதிரெதிராக வைத்து விளக்கினாள்.

"ஒரு சத்தம் வருது. பெட்டி அதைக் கேட்டு, அதையே தலைகீழாப் புரட்டி எதிர்ல விடும். ரெண்டும் மோதிக்கிட்டு ரெண்டுமே இல்லாமப் போயிடும். ஒரு அறைக்குள்ள நீங்க பேசிக்கலாம், பாட்டுக் கேக்கலாம். சுவரைத் தாண்டாது. ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும்."

சங்கத் தலைவர் நாச்சிமுத்து மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். "எங்க ஊட்ல நாப்பது வருசம் இதேதானுங்க நடந்துச்சு. அவ ஒண்ணு சொல்லுவா, நான் தலைகீழா ஒண்ணு சொல்லுவேன். ஆனா சத்தம் மட்டும் கொறையவே இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

குடை விரிந்தது. யாரும் யாருக்காகவும் அடங்க வேண்டியிருக்கவில்லை; சத்தம் தானே அடங்கியது. மண்டபத்தில் இஷ்டத்துக்கு வெடித்தார்கள். தறிகள் விடிய விடிய ஓடின. மிருதுளா தூங்கினாள். அந்த வருடம் முழுக்க அவளுக்கு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. பாதியில் நின்ற பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனாள். கன்னத்தில் சதை வைத்தது. அவள் அறைக்கு மட்டும் யமுனா கூடுதலாக இரண்டு பெட்டிகள் போடச் சொல்லியிருந்தாள். மகளுக்கு உடம்பு இழுத்தால் தெரிந்துகொள்ளக் கையில் ஒரு பட்டை. அது அதிர்ந்தால் கூடத்தில் படுத்திருக்கும் யமுனாவின் கைப்பட்டையும் அதிரும். சத்தமே இல்லாத ஏற்பாடு.

பக்கத்து வீட்டு சுந்தராம்பாளுக்கு மட்டும் குடை பிடிக்கவில்லை. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். காலையில் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேச்சுக் கொடுப்பார்.

"உன்ற புள்ளைக்குத் தூக்கம் வந்துருச்சு, எனக்குத் தூக்கம் போயிருச்சு அம்மிணி. தறிச் சத்தத்துல பொறந்து வளந்தவ நான். இப்பப் படுத்தா, செத்துப் போயிட்டமோன்னு கிள்ளிப் பாத்துக்க வேண்டியிருக்குது."

"ரேடியோ வச்சுக்குங்கக்கா."

"ரேடியோவாடி கேக்குது? பக்கத்துல மனுசங்க இருக்கறாங்கன்னு கேக்கோணும். நீ தும்முனா எனக்குத் தெரியோணும்."

யமுனா சிரித்துக்கொண்டே பேருந்துக்கு ஓடினாள்.

தை மாதத்தில் ஒருநாள், வெயில் ஏறிய பிறகும் சுந்தராம்பாள் வீட்டுக் கதவில் பால் பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டை உடைத்துப் போனபோது அவர் குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. கைபேசி கட்டிலில் இருந்தது. உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது.

பூனாவிலிருந்து மகன் சந்திரமோகன் வந்தான். காரியங்கள் முடிந்த மறுநாள் சங்க அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தான். பர்வீனையும் வரவழைத்திருந்தார்கள்.

"எங்கம்மா கத்தவே இல்லையா?" என்று கேட்டான்.

பர்வீன் தன் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். பிறகு சொன்னாள். "கூப்பிட்டிருக்காங்க சார். பெட்டி எதையும் கேக்காம அழிக்க முடியாது. முதல்ல கேக்கணும், அப்புறம்தான் அழிக்கணும். அதனால பதிவு இருக்கு."

"அப்புறம் எதுக்கு அது வெளிய வரலை? ஆபத்துன்னா குடை திறந்துக்கும்னு சொல்லித்தான வித்தீங்க?"

"திறப்புச் சொல்னு கொஞ்சம் வச்சிருக்கோம் சார். ‘காப்பாத்துங்க’, ‘தீ’, ‘திருடன்’, ‘ஐயோ’, ‘யா அல்லா’, ‘முருகா’கூட வச்சிருக்கோம். இதுல எதைச் சத்தமாச் சொன்னாலும் அந்த வீட்டுக்கு மேல குடை திறந்துக்கும். எட்டு வீதிக்குக் கேக்கும். உங்க அம்மா இதுல எதையும் சொல்லலை."

"வேற என்ன சொன்னாங்க?"

பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மான்னாங்க."

போடச் சொன்னான். வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். போடச் சொன்னான்.

"அம்மா" என்றது சுந்தராம்பாளின் குரல். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றியது. மறுபடி, "அம்மா." அறையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் வரவர மெலிந்தது. கடைசியில் வந்தது வலியில் கூப்பிடுகிற மாதிரியே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கூப்பிடுவாளே, அந்த மாதிரி இருந்தது.

"எங்க பாட்டி செத்து முப்பது வருசம் ஆகுது" என்றான் சந்திரமோகன். "அந்த வார்த்தையை ஏன் வைக்கலை? தமிழன் வேற எப்படிக் கத்துவான்?"

"வச்சிருந்தோம் சார். சோதனை ஓட்டத்துலயே எடுக்க வேண்டியதாப் போச்சு. குடை மூடவே மாட்டேங்குது. தண்ணி கேக்கற குழந்தை அம்மாங்குது. கட்டில்ல கால் இடிச்சவர் அம்மாங்கறார். திரும்பிப் படுக்கறவங்க, கொட்டாவி விடறவங்க..."

"உக்காந்தா அம்மா, எந்திரிச்சா அம்மா" என்று நாச்சிமுத்து முணுமுணுத்தார். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"தொனியை வச்சுப் பிரிக்கலாம்னு பாத்தோம். ஆனா கடைசியா அவங்க கூப்பிட்டதை நீங்களே கேட்டீங்களே. அதையும் கொட்டாவியையும் மெஷினால பிரிக்க முடியாது சார்."

சந்திரமோகன் யமுனாவின் பக்கம் திரும்பினான். "உங்க ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு செவுரு. நீங்க அப்பத் தூங்கிட்டா இருந்தீங்க?"

யமுனா தூங்கவில்லை. மிருதுளாவின் அரைப்பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டு சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு அமைதி, இந்த அமைதிக்கு யாருக்கு நன்றி சொல்ல என்று அப்போது நினைத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மாநகராட்சியிலிருந்து ஆணை வந்தது. வலியில் கூப்பிடும் குரல் ஒரு மனிதர் காதிலாவது விழ வேண்டும்; இல்லையென்றால் குடையை மடக்க வேண்டும். முதலில் அந்தச் சொல்லைத் திறந்துவிட்டுப் பார்ப்போம் என்று சங்கம் முடிவு செய்தது. யமுனா எழுந்து நின்று, "என்ற புள்ள தாங்க மாட்டாளுங்க" என்றாள். "ஒரு உசுரு போயிருக்குது, அம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

அந்தச் சில இரவுகளை லேஅவுட்டில் யாரும் பிறகு பேசிக்கொள்வதில்லை. முழு நிசப்தம். அதன் நடுவே திடீரென்று ஒரு மூலையிலிருந்து ஒரு அம்மா. அடங்கியதும் இன்னொரு மூலையிலிருந்து இன்னொன்று. வேறு எந்தச் சத்தமும் இல்லாததால் ஒவ்வொன்றும் கத்தி விழுவதுபோல் விழுந்தது. மிருதுளாவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டாவது முறை நிற்கவே இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. நாச்சிமுத்துதான் காரை எடுத்தார்.

மருத்துவர் யமுனாவை வெளியே அழைத்துச் சொன்னார். "இன்னொரு தடவை இவ்வளவு நீண்டா என்னால உத்தரவாதம் தர முடியாதும்மா."

அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சிவராஜுக்குப் பேசினாள். அவன் எங்கோ மகாராஷ்டிராவில் சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருந்தான்.

"வேற ஊருக்குப் போயிரலாம் யமுனா."

"எந்த ஊருல சத்தம் இல்லைங்க?"

அவன் பக்கத்தில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவன் யோசிப்பது அந்தச் சத்தத்தின் ஊடே அவளுக்குக் கேட்டது. பிறகு வரிசை நகர்ந்துவிட்டது என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

பர்வீன் வீட்டுக்கே வந்தாள். மிருதுளா பகல் தூக்கத்தில் இருந்தாள். சமையலறையில் நின்றபடியே குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"ஒரு வழி இருக்குக்கா. ‘காப்பாத்துங்க’ன்னா அது ஊருக்கே. ‘அம்மா’ அப்படி இல்ல. ஒரு ஆளைக் கூப்பிடற சொல். அப்ப அந்த ஆளுக்கு மட்டும் கேட்டாப் போதும் இல்லையா? ஒவ்வொரு வீட்டுலயும் யார் குரலுக்கு யார் அம்மான்னு பதிஞ்சுக்கலாம். பிள்ளை கூப்பிட்டா அவங்கம்மா காதுல இருக்கற கருவியில மட்டும் விழும். வெளிய ஒரு சத்தம் வராது. மிருதுளா தூங்கலாம்."

அவள் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். பட்டாணி அளவில் ஒரு கருவி.

யமுனா அதைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா இல்லாதவங்க?"

"அதான்க்கா சிக்கல். பாதிப் பேருக்கு அம்மா உயிரோட இல்ல. இருக்கறவங்களுக்கும் ஊர்ல இருக்காங்க, இல்லன்னா முதியோர் இல்லத்துல. அந்தக் குரலையெல்லாம் அனுப்பறதுக்கு ஒரு காது வேணும். யாராவது ஒருத்தர் பேரை ‘அம்மா’ங்கற இடத்துல பதிஞ்சாத்தான் மாநகராட்சி ஒத்துக்கும்."

அடுத்த கூட்டத்தில் நாச்சிமுத்து இதைப் படித்துச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"வாட்ச்மேனைப் போட்டுருங்க தலைவரே. மீசை வச்ச அம்மா."

"நெசமாத்தாண்டா கேக்கறேன். அவன் ராத்திரி முழிச்சுட்டுத்தான இருக்கறான்?"

"அதெப்படிங்க?" என்றார் முன்வரிசைப் பெண்மணி ஒருவர். முகம் சிவந்திருந்தது. "எல்லா ஊட்லயும் புருசன் பொண்டாட்டி இருக்கறாங்க. அதுலயும் அந்த வார்த்தை வருமில்ல?"

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு இரவுகளுக்குள் போய் வந்தார்கள். ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். வாய் மூடி இருக்க வேண்டும். இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படி யார் இருப்பார்கள்? "இல்லைன்னா மறுபடி திறந்துதான் விடோணும்" என்றார் நாச்சிமுத்து. "இல்லை, மடக்கோணும்."

யமுனா கையைத் தூக்கினாள்.

"அம்மிணி, நல்லா ரோசனை பண்ணிக்க. இருநூறு வீடு."

"எனக்கு வேற வழி இல்லீங்க" என்றாள்.

காதில் கருவியோடு தூங்க மற்றத் தாய்மார்கள் யாரும் ஒத்துக்கொள்ளாததால், அத்தனை வீட்டுக்கும் அவள் பெயரையே பதிந்தார்கள். அப்படித்தான் அவள் அம்மா ஆனாள்.

முதல் சில வாரங்கள் அவள் காதில் விழுந்ததை எல்லாம் எழுந்து எழுந்து பார்த்தாள். குரல் வந்ததும் கைபேசியில் வீட்டு எண் தெரியும். அந்த வீட்டுக்கு அழைப்பாள். "ஒண்ணுமில்லீங்க, தூக்கத்துல" என்பார்கள். அல்லது எடுக்கவே மாட்டார்கள். போகப் போக எண்ணைப் பார்க்காமலே குரல் தெரிந்தது. இது மூட்டுவலி. இது கனவு. இது கணவனும் மனைவியும். உடனே பட்டாணியைக் கழற்றிக் கையில் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எத்தனை பேர், எவ்வளவு வயதானவர்கள், எந்த நோயும் இல்லாமலே தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்கு அதற்கு முன் தெரியாது. நாச்சிமுத்து தினமும் விடிவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒருமுறை கூப்பிடுவார். ஏதோ கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளைபோல. பகலில் அவர் சங்க அலுவலகத்தில் அதட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது யமுனா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளால் இரண்டு பேர் பிழைத்தார்கள். நெஞ்சு வலியில் விழுந்த ஒரு வாத்தியார். மற்றவள் கல்யாணமாகி அப்போதுதான் வந்திருந்த ஒரு பெண். தட்டினால் உள்ளே கேட்காது என்பதால் யமுனா அவள் வீட்டு வாசலில் நின்று கைபேசியில் அழைத்தபோது கணவன் கதவைத் திறந்தான். கையில் பெல்ட் இருந்தது.

"யாருங்க நீங்க? என்ன வேணும்?"

"கூப்பிட்டாளே" என்றாள் யமுனா. "நாந்தான் அவளுக்கு அம்மா."

அந்தப் பெண் மறுநாளே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தச் செய்தி லேஅவுட் முழுக்கப் பரவியது. நன்றாகச் செய்தாய் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாமே அவளுக்குக் கேட்கிறது என்று மட்டும்தான் அவர்களுக்கு உறைத்தது. மளிகைக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. பெண்கள் அவள் கண்ணைப் பார்க்காமல் புடவையைப் பார்த்துப் பேசினார்கள். குழந்தைகளை இரவில் மட்டும் மம்மி என்று கூப்பிடப் பழக்கினார்கள். ஆண்கள் வலித்தால் அப்பா என்றார்கள். பல்லைக் கடித்தார்கள். தலையணையைக் கடித்தார்கள். அவள் காதுக்கு வந்துகொண்டிருந்தவை குறைந்தன. மீந்து வந்தவை அடக்க முடியாதவர்களின் குரல்கள். அவைதான் தூங்க விடவில்லை. குரல் வராத இரவுகளில், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார்களோ என்று உற்றுக் கேட்டபடி விழித்திருந்தாள்.

ஆடி மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். "எனக்கு முடியலீங்க. ஆய்வுக்கூடத்துல ரத்தம் மாத்தி எழுதிப்போட்டேன். வாரத்துல ரெண்டு நாளு மட்டும் வேற யாராவது வச்சுக்குங்க. ரெண்டே நாளு."

மின்விசிறி சுற்றியது. யாரோ செருப்பைத் தேய்த்தார்கள்.

"அதை இன்னொருத்தர் காதுல போடறதுக்கு உனக்கே மனசு வருமா அம்மிணி?" என்றார் முன்வரிசைப் பெண்மணி. "உனக்குத் தெரிஞ்சது உன்னோட போகட்டும்."

"பாக்கலாம் அம்மிணி, பாக்கலாம்" என்றார் நாச்சிமுத்து. அவர் அவளைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மிருதுளா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "கண்ணெல்லாம் செவந்திருக்குதும்மா. அந்தப் பட்டாணியத் தூக்கிப் போட்டுரு."

"போட்டா நீ எப்படித் தூங்குவ?"

"நான் தூங்காம இருந்துக்கறேன்."

யமுனா அவள் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். குழந்தைதான் மூச்சு முட்டி விடுவித்துக்கொண்டது.

அந்த மாதத்திலேயே ஓர் இரவு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவளுக்கு வலது கால் தன்னுடையது இல்லாததுபோல் மடங்கியது. விழுந்தாள். மேடை விளிம்பு நெற்றியில் பட்டது. கைபேசி கூடத்தில், பாயில் இருந்தது. எழ முயன்றாள், உடம்பின் ஒரு பாதி அசையவே இல்லை.

அப்போது காதில் குரல் வந்தது.

"அம்மா."

பெண் குரல். கஷ்டத்தில் இருக்கிறவள். யமுனா கண்ணை மூடிக்கொண்டு நிதானித்தாள். எந்த வீடு? வாத்தியார் வீட்டு மருமகளா? அவள் குரல் மெல்லியது. மூலை வீட்டு நர்ஸா? அவளும் இல்லை. லேஅவுட்டின் அத்தனை குரலும் தெரிந்த அவளுக்கு இந்தக் குரல் மட்டும் தெரியவில்லை. யாரோ புதிதாகக் குடிவந்தவள். யாருமே அவளிடம் போகாமல் கிடக்கிறாள். குழறுகிறது, நாக்கு புரளவில்லை. இவள் தாங்க மாட்டாள் என்று யமுனாவுக்குத் தோன்றியது. போக வேண்டும். இடது முழங்கையை ஊன்றித் தரையில் தன்னை இழுத்தாள். கொஞ்சம் நகர்ந்தாள். வலி மண்டைக்குள் பாய்ந்தது. மறுபடி அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அம்மா."

வர்றேன் கண்ணு, இதோ வர்றேன் என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது அந்தச் சொல்தான். வந்த சொல், நூலளவு தாமதித்து, காதுக்குள் பட்டாணியிலிருந்து மறுபடி வந்தது.

யமுனா அசையாமல் கிடந்தாள்.

வேறு சொற்கள் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். தீ என்றால் போதும். முருகா என்றால் போதும். எட்டு வீதிக்குக் கேட்கும். ஒவ்வொன்றையும் நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்லே வந்தது. அது சுவரில் மோதி இல்லாமல் போனது; குடை அதைச் சரியாகப் படித்து, உரியவளின் காதில் சேர்த்தது. மகளின் அறை ஒரு சுவர் தள்ளித்தான் இருந்தது. அந்தச் சுவரில்தான் கூடுதலாக இரண்டு பெட்டிகள். மிருதுளா தூங்கிக்கொண்டிருந்தாள். நன்றாகத் தூங்குவாள். திடுக்கிட்டு விழிக்க மாட்டாள். அந்த நினைப்பு வந்ததும் சற்று நேரம் யமுனா கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள் என்பது பதிவில் தெரிகிறது. பிறகு மறுபடி கூப்பிட்டிருக்கிறாள்.

விடிவதற்குச் சற்று முன்னால் நாச்சிமுத்து வழக்கம்போல ஒருமுறை கூப்பிட்டார். அதுவும் அவள் காதில்தான் விழுந்திருக்கும்.

ஆறு மணிக்குக் குடை மடங்கியது. தறிச் சத்தமும் காக்கைகளும் ஒன்றாக உள்ளே வந்தன. அவற்றின் அடியில் வேறொரு சத்தத்தைக் கேட்டு மிருதுளா எழுந்து வந்தாள்.

யமுனா பிழைத்துக்கொண்டாள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வரவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் வந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். சிவராஜ் லாரியை விற்றுவிட்டு வந்து, பக்கத்து மில்லில் காவல் வேலை பார்க்கிறான். சந்திரமோகன் தாயின் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறான். அந்தப் பக்கம் வருவதில்லை. பர்வீன் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டாள். மிருதுளா இப்போது தாயின் அறையில், தாயின் கட்டிலிலேயே படுக்கிறாள். அவளுக்கு அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் வலிப்பு வந்தது. நாச்சிமுத்து இன்னும் சங்கத் தலைவர். வாரம் ஒருமுறை பழம் வாங்கி வந்து, யமுனா எதிரே நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

குடை இன்னும் இருக்கிறது. யமுனாவுக்குப் பதில் வேறு யாரும் முன்வரவில்லை. ஆணைப்படி அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தால் போதும் என்பதால், அவள் பெயரை நீக்க வேண்டாம் என்று சங்கம் தீர்மானித்தது. பட்டாணி அவள் அலமாரியில், ஒரு மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது. இரவில் மலர்ச்சோலையில் யார் அம்மா என்று கூப்பிட்டாலும் அதற்குள்தான் கேட்கும்.